வெள்ளையாக விட்ட இடம்

மூன்று கடிதம், ஒரு தொலைநகல்,
அடையாள அட்டைப் பிரதிகள் இரண்டிரண்டு.
நாலாம் கிழமை பதில் வந்தது:
தோட்டம் மட்டும். பங்களாவுக்குள் இல்லை.
ஒரு மணித்தியாலம்.

கேட்டு எழுதியது மச்சான் கனகேந்திரன்.
இங்கிலாந்தில் ஓய்வெடுத்த நாளிலிருந்து
ஞாயிறு தவறாமல் ஏதோவொரு பிரபுவின் தோட்டத்துக்குப் போகிறார்,
அதற்கொரு வருட அட்டை வைத்திருக்கிறார்.
முந்நூறு வருஷமாய்க் கத்தரித்த யூ மரவேலி,
குளத்தின் நடுவே எங்கும் போகாத பாலம்,
இடிந்த கோயில் ஒன்று, இடிந்ததாகவே கட்டியது.
"காசு குடுத்து இடிச்சுக் கட்டுவினமோ?"
"வடிவுக்கு" என்றார்.
திருகோணமலையில் இருந்துகொண்டு
இதற்கு என்ன சொல்ல?
தேத்தண்ணியைக் குடித்தேன்.

வாசலில் கைபேசிகளை வாங்கிப் பெட்டியில் பூட்டினார்கள்.
கூட வந்த கடற்படைப் பெடியன் பெயர் விமுக்தி,
குளியாப்பிட்டிக்காரன்,
தமிழ் கொஞ்சம், சிரிப்புக் கொஞ்சம் கூட.

நான் நில அளவைக் கந்தோரில்
முப்பத்தொரு வருஷம் படம் வரைந்தவள்.
உட்துறைமுகத்தின் ஒவ்வொரு வளைவும்
என் பேனாவுக்கு மனப்பாடம்.
இந்த மேடு மட்டும் தாளில் வெள்ளை.
கோடு அதன் விளிம்பில் வந்து நிற்கும்,
மையை ஒற்றிவிட்டு
அந்தப் பக்கம் மறுபடி தொடங்குவேன்.
இன்றைக்கு அந்த வெள்ளைக்குள்
செருப்போடு நடக்கிறேன்.
உள்ளே புல் இருந்தது.
சாதாரணப் புல்.

ரோசாப் பாத்திகளுக்குச் செங்கல் விளிம்பு மட்டும் மிச்சம்,
நடுவில் பட்டிப்பூ.
"ரோஸ் எல்லாம் மான் சாப்பிட்ட" என்றான் விமுக்தி,
தானே சாப்பிட்டதுபோல வெட்கப்பட்டு.

படிக்கட்டின் முடிவில்
கல்தூணில் ஒரு வெண்கலச் சூரியக் கடிகாரம்.
என் கைக்கடிகாரத்தில் பத்துப் பத்து.
நிழல் நின்றது எட்டரையில்.
குனிந்து பார்த்தேன், கந்தோர்க் கண் போகவில்லை:
தகட்டின் சரிவு ஐம்பத்தொரு பாகை,
அந்த ஊர் வானத்துக்கென்று வெட்டியது.
இங்கே எட்டரைப் பாகை போதும்,
கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கலாம்.
கப்பலில் கொண்டுவந்து நட்டவர்
ஒருநாளாவது தன் சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்திருப்பார்.
எது பிழை என்று நினைத்திருப்பார்?
சூரியனையா?

"ஒருக்காவும் சரியா காட்டாதோ?"
"பன்னெண்டுக்கு நிழல் உள்ள போயிடும்" என்றான் விமுக்தி,
"அப்ப சாப்பாட்டு மணி."

புல்வெளியின் கடலோர எல்லையில்
மச்சான் கையைத் தட்டினார்.
"ஹா-ஹா! இங்கயும் வெட்டியிருக்கிறாங்கள்!"
நான் சிரிப்பென்று நினைத்தேன், அது பெயராம்.
வேலி கண்ணில் படாமல் பள்ளம் வெட்டுவார்கள்,
ஆடு உள்ளே வராது,
மாளிகை யன்னலில் நின்று பார்த்தால்
தொடுவானம்வரை எல்லாம் தன்னுடையது.

விமுக்தி பள்ளத்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.
"இது பங்கர், சேர்.
நான் பிறக்க முந்தி வெட்டினது."

ஓரத்து மண்மூட்டை கிழிந்து
அதிலிருந்து ஒரு குப்பைமேனி முளைத்திருந்தது.
மச்சான் தொப்பியைக் கழற்றினார்,
வெயில் என்று திரும்பப் போட்டுக்கொண்டார்.
நாங்கள் மூவரும் அந்தப் பள்ளத்தின் கரையில்
ஒருவரை ஒருவர் பாராமல்
கொஞ்சம் கடலைப் பார்த்தோம்.
வேலி தெரியவில்லை என்பது உண்மைதான்.

இரவு, பெட்டியின் அடியிலிருந்து
பழைய தாளொன்றை எடுத்து விரித்தேன்.
பென்சில் சீவினேன்.
கிணற்றுக்குக் குறியீடு இருக்கிறது,
கோயிலுக்கு, பனைக்கு, சதுப்புக்கு,
மீன் காயவைக்கும் வாடிக்குக்கூட.
ஊர் மாறி நிற்கிற நிழலுக்கு
எங்கள் கந்தோரில் ஒன்றும் தரவில்லை.

மச்சான் அறையில் லைட் எரிந்தது.
வருட அட்டையைப் புதுப்பிக்கும் பத்திரமாக்கும்.
நான் வெள்ளையின் நடுவில் பென்சில் முனையை வைத்தபடி
இன்னும் அழுத்தாமல் இருக்கிறேன்.