பதினான்காவது கேள்வி

கழுத்து மயிரை விரலால் விலக்கி
நாளம் புடைக்கும்வரை அழுத்தியிருக்கிறேன்.
இன்றைக்கு முப்பத்தோராவது. செம்மறி, பெட்டை, நான்கு பல்.
ஊசி ஏறும்போது அது என்னைப் பார்க்கவில்லை,
கிணற்றைப் பார்க்கிறது.

அஃபார் வெயிலில் குளிர்பெட்டிப் பனிக்கட்டி
பத்து மணிக்கே தண்ணீர்.
செமேரா ஆய்வகத்துக்கு இன்னும் ஐந்து மணி நேரம்.

பின்னங்காலைப் பிடித்தபடியே
கதீகா பதில் சொல்கிறாள்.
எங்கே தண்ணீர் காட்டுகிறீர்கள்?
எல்லோரும் காட்டும் இடத்தில்.
சந்தையில் விலைபோகாத ஆட்டை?
விலைபோகாதது வீட்டுக்கு வராமல் எங்கே போகும்?
இரண்டு கட்டத்திலும் ஆம் போடுகிறேன்.

கிடாய்களின் ரத்தத்தில் பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை.
வயது ஏறுமுன் லாரி ஏறிவிடுகின்றன.
பெட்டைகள்தாம் தங்குகின்றன, ஈனுகின்றன,
வந்துபோன ஆட்டுக்கொல்லியை
உள்ளே எழுதிவைத்துக்கொள்கின்றன.
என் அட்டவணையில் அது பரவல் வீதம்.
அவள் சொல்லில், பிழைத்தது.

பதினான்காவது கேள்வி:
ஓராண்டுக்குள் மந்தையில் புது ஆடு சேர்ந்ததா?

காலை விட்டுவிடுகிறாள்.

சென்ற மழைக்கு முன்
கண்ணில் பூளை, வாயெல்லாம் புண், நிற்காத கழிச்சல்.
நாற்பத்திரண்டில் ஒன்பது மிஞ்சின.
பாதையில் எதிர்ப்பட்ட இருவர் உட்கார்ந்து தாகு பேசினார்கள்:
எங்கே மழை, யார் இறந்தார், யார் ஆடு இருமுகிறது.
அதைக் கேட்டு அடுத்த கிணற்றுக்காரர்கள்
மந்தையைத் திருப்பிக்கொண்டார்கள்.
அதையே கேட்டு ஹும்மாது
இரண்டு சினையாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தான்.
பிறகு அவன் மைத்துனன் ஒன்று.
பிறகு, அவளுக்கு இன்றுவரை பெயர் தெரியாத ஒருவர்,
குட்டியோடு ஒன்று கட்டிவிட்டு
தேநீர்கூடக் குடிக்காமல் போனார்.

அவற்றையா கேட்கிறாய்?

அவற்றைத்தான்.
போன வருடக் கணக்கில் எல்லாக் காரணிகளிலும்
பெரிய எண் அதற்குத்தான் வந்தது,
இரண்டரை மடங்கு.
சொல்லவில்லை. பேனா மை வரவில்லையென்று
உள்ளங்கையில் கிறுக்கிப் பார்க்கிறேன்.

இல்லை என்று எழுதினால் நல்லதா, என்கிறாள்.

நோய்க்கு என்றால், நல்லது.

சிரிக்கிறாள். குழாயில் ஒட்ட
முப்பத்தொன்று என்று எழுதிக்கொண்டே கேட்கிறேன்,
இது உங்கள் பழைய ஒன்பதில் ஒன்றா?

அதற்குள் அதன் குட்டி முட்டி முட்டி
மடியைக் கண்டுபிடித்துவிட்டது.
கதீகா அடுத்த ஆட்டின் காலைப் பிடிக்கிறாள்.
ஹும்மாதுடையது, என்கிறாள்,
போட்டுக்கொள், ஆம்.