இடது விளக்கு

முதலில் மின்விசிறியை நிறுத்த வேண்டும்.
மேசை நடுங்கினால் ராஜாவின் தாடி கலைந்துவிடும்.
அப்புறம் ட்யூப்லைட். அதன் பச்சை
செம்புக் காசில் ஏறினால் களிம்பு பிடித்ததுபோல் தெரியும்,
வாங்குகிறவர் பயந்துவிடுவார்.
ஜெலுத்தோங் பிளாட்டில், பதினோராம் மாடியில்,
வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்
ஒரு காசுக்காக இருட்டை உண்டாக்கி.

செம்புக்கு ஒரு விளக்கு போதும், கொஞ்சம் தள்ளி.
கண்ணாடிபோல் மின்னும் புதுக் காசுக்கு
வெளிச்சத்தை நேராகக் காட்டக் கூடாது;
காட்டினால் அது என்னையே திருப்பிக் காட்டும்:
மூக்கு, கேமரா, பின்னால் காயும் துணி.
அதற்குச் சாய்த்து வைத்த கண்ணாடித் துண்டு வேண்டும்.
கல்யாணப் படத்தின் சட்டத்திலிருந்து கழற்றியது.
படம் இப்போது வெறும் காகிதமாகச் சுவரில்.

வெள்ளிதான் கஷ்டம்.
இந்த ஊரில் சம்பளமும் வெள்ளி, கடனும் வெள்ளி,
என் முன்னால் கிடப்பதும் வெள்ளி.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலு.
ஊய் செங் ஹாக் தைல டப்பாவில் போட்டுக் கொடுத்தது.
"லைட்டை மெதுவாப் போடு, லோகா" என்றார் மலாயில்,
ஏனென்று சொல்லவில்லை.

சும்மா பார்க்கலாமே என்று
இடது விளக்கைத் தாழ்த்தினேன்.
தரையோடு தவழ்ந்து வந்த வெளிச்சம்
கிரீடத்துக்கு மேலே, பன்னிரண்டு மணி இடத்தில்,
எதையோ தடுக்கி நின்றது.
விளிம்பில் ஒரு தடிப்பு. நொய்யரிசி அளவு.
பற்றவைத்து, பிறகு அரம் போட்டு எடுத்த வடு.
யாரோ ஒருத்தி இவரைக் கழுத்தில் போட்டிருக்கிறாள்.
அவள் குனிந்த போதெல்லாம்
மன்னரும் குனிந்திருக்கிறார்.

விளக்கை உயர்த்தி, முன்னால்
பட்டர் காகிதத்தைத் தொங்கவிட்டேன்.
வடு போய்விட்டது.
போகவில்லை. எல்லாப் பக்கமும் வெளிச்சம் சமமாக வந்ததால்
நிழலுக்கு நிற்க இடமில்லை, அவ்வளவுதான்.
நான் எதையும் அழிக்கவில்லை.
ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை.
காகிதம் மட்டும்தான்.
இதை இரண்டு முறை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

தொள்ளாயிரத்து ஐம்பது வெள்ளிக்குப் போனது,
கிள்ளானில் லாரி ஓட்டும் மரியதாசுக்கு.
ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது.
அதற்கு முன்பே வந்தது அவர் எடுத்த படம்.
உள்ளங்கையில் வைத்துக் கைபேசியில் எடுத்தது.
கட்டைவிரல் பாதி. ராஜா கோணல்.
ஃபோகஸ் முழுக்க ஆயுள் ரேகையில்.
ஆனால் ஐந்து மணி வெயில்
இரண்டு லாரிகளுக்கு நடுவே புகுந்து, சாய்ந்து,
அந்தத் தடிப்பின் மேல் மட்டும் உட்கார்ந்திருந்தது.
கீழே ஒரே ஒரு வரி:
நாணயம்தானே விற்கிறீர்கள்?

விற்பவர் என்ற இடத்தில் இருப்பது என் பெயர்.

ஊய் செங் ஹாக் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்,
தபால் செலவை என் கூலியில் கழித்தார்,
"வேறு நல்ல காகிதம் வாங்கு" என்றார்.

வெட்கம் மெதுவாகத்தான் வந்தது.
முதலில் வந்தது பொறாமை.
மூன்று விளக்கு, ஒரு கண்ணாடி,
இன்னும் தவணை முடியாத லென்ஸ்,
இத்தனை வைத்துக்கொண்டும் எனக்கு வாய்க்காத வெளிச்சம்.
அவர் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி
நிழல் எங்கே விழுகிறது என்று அளந்தேன்.
ஒன்பது மணிப் பக்கம். பதினைந்து பாகை.
அதற்கு மேல் இருக்காது.

அதே வெள்ளி மறுபடி மேசையில்.
மின்விசிறி நின்றுவிட்டது.
இடது விளக்கை, அது நின்ற டெலிபோன் புத்தகங்களின் மேலிருந்து
ஒவ்வொன்றாக உருவி இறக்குகிறேன்.
ஒரு புத்தகம். இன்னொன்று.
பட்டர் காகிதம் சுருட்டியபடி
இன்னும் கையில்தான் இருக்கிறது.
கைபேசி அடிக்கிறது, ஊய் செங் ஹாக்.
அடிக்கட்டும்,
மேசை நடுங்குவது நிற்கிற வரை
படம் எடுக்க முடியாது.