நான்கு வினாடி

வடிகட்டியில் பிழை என்று எழுதி
ஒலித்துண்டு ஒன்றையும் சேர்த்து அனுப்பியிருந்தேன்.
தாம்பரேயிலிருந்து மிர்யா கேட்டாள்:
"நிரல் சரியாகத்தான் இருக்கிறது.
அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறதே, அது என்ன?"

ஹெட்போனைக் கழற்றினேன்.
இரவு இரண்டு மணி.
கொரடாச்சேரிக்கு த்ரீ பேஸ் வந்திருந்தது.
ஜன்னலுக்கு வெளியே
இடும்பையன் வயலில் மோட்டார்.

ஆறு பேர், நான்கு நாடு,
முகம் பார்த்ததில்லை.
மூன்று வாரம் அந்த உறுமலோடு மல்லுக்கட்டினோம்.
ஒருவன் வைத்த மடையை
இன்னொருத்தி வெட்டிவிட்டாள்.
ஒருவழியாக மோட்டார் போனது,
கூடவே தவளையும் போனது.
தவளை வேண்டும் என்றாள் மிர்யா.
மறுபடி முதலிலிருந்து.

அந்தத் துண்டையே சோதனைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.
உரிமத்தில் உரியவர் பெயர் போட வேண்டும்.
வரப்பில் போய்க் கேட்டேன்.
"சத்தத்துக்கா?
கரண்டே இலவசம். எடுத்துக்க."

இப்போது யார் எங்கே ஒரு வரியைத் திருத்தினாலும்
முதலில் இடும்பையன் மோட்டார் ஓடும்,
நான்கு வினாடி.
தவளை பிழைத்தால்தான்
திருத்தம் உள்ளே வரும்.

சொன்னேன் அவரிடம்.
மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தார்.
"அத்தன ஊர்ல ஓடுதுங்கிற,
எங்கயாவது
ஒரு சொட்டுத் தண்ணி வந்துச்சா?"