பதினாறில் இரண்டு

தடிக்காரன்கோணம் தாண்டினால் ஹாரன் இல்லை.
ஞாயிறு விடிய, ஐந்தே முக்கால்.
சாயக்கடையில் பாய்லர் மட்டும் முனகுகிறது.
"என்ன கிறிஸ்துதாசு, வண்டிய வித்தாச்சா?"
வாராவாரம் கேட்கிறாள் எப்சிபாய்,
வாராவாரம் அவளே சிரிக்கிறாள்.

என் வண்டிக்குப் பதினாறு சக்கரம்.
இதற்கு இரண்டு.
மகள் பிளஸ் ஒன்னில் வாங்கிய அரசாங்க சைக்கிள்,
முன்னால் கூடை, நடுவில் கம்பி கிடையாது,
செயின் கார்டில் பாதி உரிந்த முத்திரை.
அவள் இப்போது ஈரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டுகிறாள்.
சீட்டை ஏற்றி, பிரேக் கட்டையை மாற்றி
எனக்கு ஆக்கிக்கொண்டேன்.
முழங்கால் ஹாண்டில்பாரில் இடிக்கிறது.
இடிக்கட்டும்.

முதல் ஒரு கிலோமீட்டர்
இடது கால் கிளட்சைத் தேடும்.
வளைவு வந்தால் பெருவிரல் தானாக அமுக்கும்.
கிணிங்.
ஒரு மைனாகூட நகரவில்லை.

ரப்பர் மரங்களுக்குள் தலைவிளக்குகள் அலைகின்றன.
வெட்டிய பட்டையிலிருந்து பால்
சிரட்டையில் விழும் சத்தம் கேட்கிறது,
சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவில்
நான் மூன்று மிதி மிதிக்கிறேன்.
இருபத்திரண்டு வருஷமாக
டீசலைத் தாண்டி என் காதுக்கு
எதுவும் வந்ததில்லை.

வாரம் ஆறு ராத்திரி, டிராஃபிக் என்றால் நான்தான்.
மார்த்தாண்டம் பாலத்தடியில் வரிசையாக டிப்பர்கள்,
அதில் முப்பத்தேழாவது.
பைக்காரன் ஏசுவான், ஆம்புலன்ஸ் கதறும்,
நான் கண்ணாடியை ஏற்றிக்கொள்வேன்.
களியக்காவிளைக்கு முன்னால் இறங்கி
தார்ப்பாயை இழுத்துக் கட்டுவேன்.
பாறைப்பொடி என்று எழுதியிருக்கும் பில்லில்.
மலை என்று யாரும் எழுதுவதில்லை.

செக்போஸ்டில் மாதேவன் காணி
நோட்டைத் திறக்கிறார்.
பேர், ஊர், நேரம்,
அப்புறம் வண்டி நம்பர்.
பேனா நிற்கிறது.
"இல்லேன்னு போடட்டா?"
"போடும்."
என் பேருக்கு எதிரே இல்லை என்று எழுதிய
ஒரே நோட்டு அதுதான்.

காலை பஸ் ஒன்று கீழே இறங்கிப் போனது.
அதற்கப்புறம் ரோடு தன் பாட்டுக்குக் கிடக்கிறது,
தேக்கிலை உலர,
ஓடை குறுக்கே ஒழுக,
அட்டை ஒன்று அவசரமில்லாமல்
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு.
அதற்காக நான் பிரேக் பிடித்தேன்.
சிரிக்கவேண்டாம், பிடித்தேன்.

ஏற்றம்.
லோடு இல்லாமலே இளைக்கிறது.
இறங்கித் தள்ளும்போதுதான் பார்த்தேன்,
மழை அரித்த இடத்தில் தாருக்குக் கீழே ஜல்லி,
நீலக்கருப்பு, நடுவில் வெள்ளை நரம்பு.
எனக்குத் தெரியும் இந்தக் கல்லை.
ரோடு போட்ட வருஷம்
பதினொரு லோடு நானே தட்டினேன்,
தூசிக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு,
காட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.
அப்படியென்றால் இந்த நிசப்தத்தில் நான் உருள்வது
வேறெங்கோ நின்றிருந்த ஒரு மலைமேல்.

பெயர்ந்து கிடந்த ஒன்றை எடுத்தேன்.
கூடையில் போடலாமா என்றிருந்தது.
குழியிலேயே வைத்து
குதிகாலால் மிதித்தேன். உட்காரவில்லை.
இன்னொரு தரம் மிதித்தேன்.

எதிரே ரப்பர் ஷீட் சுமந்து வந்தவள்
வளைவுக்கு முன்னால் கையைத் தூக்கினாள்.
"ஆனை நிக்கி அண்ணே. அனங்காம நில்லும்."
நின்றோம்.
மூங்கில் முறியும் சத்தம்,
பச்சைச் சாணியின் ஆவி,
அப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை.
இரண்டு ஆள், ஒரு சைக்கிள், ஒரு சுமை,
இருபது நிமிஷம் ரோடு அடைப்பு.
பின்னாலிருந்து யாரும் ஏசவில்லை.
அவள் சுமையை என் கூடைமேல் சாய்த்துவைத்து
கழுத்தைத் தடவிக்கொண்டாள்.

திரும்பும்போது முழுக்க இறக்கம்.
பெடலை விட்டுவிட்டேன்.
ஃப்ரீவீல் கிரிகிரியென்று சுற்ற
சீவிடுகள் ஒரு கணம் நிறுத்தி
மறுபடி தொடங்கின.
கூடையில் ரப்பர் வாடை.

ராத்திரி ஒன்பதரைக்கு லோடு.
இடது முழங்கால் இப்போதே வலிக்கிறது.
கிளட்ச் கனம் அந்த வண்டிக்கு.