எதிர்காற்று

நாலே முக்காலுக்கு எழும்பிச்
சப்பாத்து நாடாவை இருட்டிலேயே கட்டுவேன்.
லைற்றைப் போட்டால் மகன் எழும்பிவிடுவான்,
இந்த வருடம் அவனுக்கு ஓ.எல்.
கீழே காவலாளி கமகே
தேத்தண்ணிக் கோப்பையை ஒருதரம் உயர்த்துவார்.
அதுதான் எனக்குத் துவக்க வெடி.

வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு
மெரைன் டிரைவ் வழியே.
இடப்பக்கம் தண்டவாளம், அதற்கப்பால் கடல்.
வலப்பக்கம் விற்றுத் தீராத அடுக்குமாடிகள்.

ஆனி மாதம். தென்மேற்குக் காற்று
முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது.
பம்பலப்பிட்டி தாண்டும்போது
கைக்கடிகாரம் என்னைப் புகழ்கிறது:
இதுவரை ஓடியதிலெல்லாம் இதுவே வேகமாம்.
நம்பினேன்.
நாற்பத்தாறு வயதில் ஒருத்தியை
வேறு யார் புகழ்கிறார்கள்?

கொள்ளுப்பிட்டி நிலையத்து வேலியைத் தொட்டுத்
திரும்பினேன்.
கன்னத்தில் ஓர் அறை. வாயெல்லாம் உப்பு.
அப்போதுதான் தெரிந்தது
இவ்வளவு நேரமும் காற்று வீசியிருக்கிறது.

லீசிங் கொம்பனியில் பத்தொன்பது வருடம்.
முதல் பத்தும் மாதத்துக்கு நாற்பது ஓட்டோ.
கையெழுத்துப் போடப் போட
என் மேசை ஜன்னலை நோக்கி நகர்ந்தது.
சிறந்த அலுவலர் என்று இரண்டு கேடயம்.
பிறகு பெற்றோல் வரிசை வந்தது, வட்டி ஏறியது,
நான் கையெழுத்திட்ட வண்டிகளே
பேலியகொடை யார்டில் மழையில் நின்றன.
என்னை வசூல் பிரிவுக்கு மாற்றினார்கள்.
கேடயங்கள் கூடவே வந்தன.
தூசு தட்டும்போதெல்லாம் யோசிப்பேன்,
இதில் எவ்வளவு நான், எவ்வளவு காற்று?

எதிர்காற்றில் கெட்டித்தனம் உதவாது.
அடியைச் சுருக்க வேண்டும்.
தலையைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும்.
வெள்ளவத்தை எங்கே என்று பார்க்கவே கூடாது,
அடுத்த விளக்குக் கம்பம் போதும்.
அது வந்ததும்
அதற்கடுத்தது.

ஏழாவதோ எட்டாவதோ கம்பத்தடியில்
ஒரு பாண் ஓட்டோ.
எஞ்சின் நின்றுவிட்டது, பாட்டு மட்டும் நிற்கவில்லை.
கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக மாலுபாண்.
ஒரு கை ஹேண்டிலில், ஒரு தோள் கம்பியில்,
காற்றுக்கு எதிரே தள்ளுகிறார் ஒரு மனிதர்.
முகம் தெரியாது.
இலக்கத் தகடு எனக்குப் பாடம்.

இம்தாத் லாஃபிர். மூன்று தவணை பாக்கி.
மாதம் இரண்டு தரம் எடுக்கிறேன்.
'சேர், இது கடைசி அறிவித்தல்' என்பேன்.
'அடுத்த கிழமை மிஸ்' என்பார்.
அவருக்குத் தெரிந்தது என் குரல் மட்டும்.

வாயைத் திறக்கவில்லை.
பின்னால் போய்க் கைகொடுத்துத் தள்ளினேன்.
பாண் மணம் முகத்தில் வந்து மோதியது,
வயிறு வெட்கமில்லாமல் கூப்பிட்டது.
கடிகாரம் என் வேகத்துக்காக வருந்தியது,
பிறகு பேசாமல் இருந்துவிட்டது.
ஓடை வந்தபோது எஞ்சின் இருமிப் பிடித்தது.

ஏதோ சொல்ல வேண்டும் போல் நின்றேன்.
அவர் கையை அசைத்தார்:
'கதைக்க வாணாம் மிஸ், மூச்சு வாங்குது உங்களுக்கு.'
கடதாசியில் சுற்றி ஒரு மாலுபாண்.
காசுக்குக் கால்சட்டைப் பையைத் தடவினேன்,
வீட்டுத் திறப்பு மட்டும் இருந்தது.

வெளிச்சம் கட்டடங்களின் பின்னால் வந்துவிட்டது.
கடல் இன்னும் இருட்டு.
முதல் ரயில் வாசல்களில் ஆட்கள் தொங்கியபடி
கோட்டைப் பக்கம் போனது.
காற்று அவர்களைத் தள்ளிக்கொண்டு போனது,
ஒருவரும் கவனிக்கவில்லை.

பத்து மணி. கந்தோரில் ஜன்னல் திறக்காது.
பட்டியலில் அவருடைய பெயர்.
தவணையைச் சுருக்கும் படிவம்
மூன்றாவது லாச்சியில், கேடயங்களுக்குக் கீழே கிடந்தது.
மேலாளர் இலேசில் ஒப்பமாட்டார்,
அதுவும் ஒரு கம்பம்.

எண்ணை அழுத்தினேன். எடுத்தார்.
பின்னால் அதே பாட்டு.
'ஹலோ? ஹலோ?'
சேர் என்று தொடங்க வாய் வரவில்லை,
மூச்சு மட்டும் போனது.

அந்தப் பக்கம் பாட்டு நின்றது.