ஒரு கேலனுக்கு

ஒகலாலாவில், விதைக்கிடங்குக்குப் பின்னால்
மூவாயிரத்து நூறு டாலருக்கு வாங்கினேன் இந்தப் பிக்கப்பை.
பின்கதவில் நசுங்கல். ஹீட்டர் தன் இஷ்டத்துக்கு.
டேஷ்போர்டு அறைக்குள்
டயர் காற்று பார்க்கும் கருவி, காய்ந்துபோன பேனா,
ரப்பர் வளையம் போட்ட ஒரு நோட்டு.

அட்டையில் இரண்டு பெயர்கள்: ட்வைலா, ராய்ஸ் பெண்டிக்சன்.
உள்ளே பன்னிரண்டு வருஷத்துப் பெட்ரோல்.

பென்சில் அவள். நீல மை அவன்.
தேதி, மைல், கேலன், வகுத்து வந்த விடை.
அவளுக்குப் பத்தொன்பது, இருபது, பத்தொன்பதரை.
அவன் பதினைந்தைத் தாண்டியதில்லை.
ஒரே வண்டி. ஒரே எண்பதாம் நம்பர் சாலை.
ஓரிடத்தில் பென்சில் கேட்கிறது:
"பறந்துபோய் நீ மிச்சம்பிடித்த இருபத்தெட்டு நிமிஷத்தை
எங்கே வைத்திருக்கிறாய்?"
மூன்று வாரம் கழித்து நீல மை:
"சோஃபாவில்."

சோளக்காட்டுத் தெளிப்பான்களைப் பழுது பார்ப்பவன் நான்.
குழாய்க்குள் தண்ணீரின் முரண்டு தெரியும்.
காற்றை இந்த நோட்டுதான் கற்றுக்கொடுத்தது.
ஐம்பத்தைந்தில் அது ஒதுங்கி வழிவிடும்.
அறுபத்தைந்தில் முணுமுணுக்கும்.
எழுபத்தைந்தில் கந்துவட்டிக்காரன்,
நீ கேட்டது பத்து மைல்,
அவன் எழுதிக்கொள்வது வட்டிக்கு வட்டி.
பிக்கப்புக்கோ சப்பை மூக்கு, முதுகில் திறந்த பள்ளம்.
அலமாரியை நிமிர்த்தி வைத்து
மேற்குக் காற்றுக்கு எதிரே தள்ளிக்கொண்டு போவது மாதிரி.

அப்புறம் அந்த மார்ச் மாதம்.
நீல மை. ஒகலாலாவிலிருந்து செயென்.
நூற்று அறுபத்து நான்கு மைல், பதினான்கரை கேலன்.
விடை: பதினொன்று புள்ளி மூன்று.
நோட்டிலேயே ஆகக் கேவலமான எண்.

பதினான்கு வந்தாலே "கால் என்ன ஈயமா?" என்று
எழுதுகிறவள் அவள்.
இதன் பக்கத்தில் ஒன்றுமில்லை.

எண்பத்தைந்தில் நானும் போய்ப் பார்த்தேன்.
பதின்மூன்றுக்குக் கீழே இறங்கவில்லை.
தொண்ணூறில் ஸ்டியரிங் உதறியது.
கிம்பல் தாண்டி லாரிகள் நிற்கும் இடத்தில் ஓரங்கட்டி
கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.
இதற்கும் மேலே போயிருக்கிறான், ராத்திரியில்,
அந்தக் காற்றில்.

நான்கு நாள் கழித்து அடுத்த வரி.
அதே நீல மை, அதே சாலை, திரும்பும் திசை.
ஏழு புள்ளி இரண்டு கேலன்.
விடை: இருபத்திரண்டு புள்ளி எட்டு.

அவளே தொடாத எண்.
பக்கத்தில் பென்சிலில் சின்னதாய் ஒரு சரி.

அதற்கு மறுவருஷக் கோடையிலிருந்து
ஓரங்களில் எல்லாம் ஆரஞ்சு க்ரேயான்,
சில இடத்தில் கேலனையே மூடிவிட்டது.

நியாயமாகப் பார்த்தால்
செயெனிலிருந்து வருவது முழுக்க இறக்கம்.
மூவாயிரம் அடிக்குக் கொஞ்சம் குறைவு.
காற்றும் முதுகில் கைவைத்துத் தள்ளும்.
அதெல்லாம் கழித்துத்தான் பார்த்தேன்.
அறுபதில், பின்காற்றில், எனக்கு வந்தது இருபத்தொன்று.
மிச்சம் ஒன்றே முக்கால் மைல் கணக்கில் உட்காரவில்லை.
ஐம்பதில் வந்திருப்பானோ?
மாட்டு லாரிகள் பின்னால் ஹாரன் அடிக்க அடிக்க,
வலது ஓரத்தில், விளக்குகள் மினுக்கி,
முட்டைத்தட்டு ஏற்றியவன் மாதிரி?
தெரியாது. டயரில் புதுக் காற்றும் அடித்திருக்கலாம்.

இன்று சிட்னியில் டேங்க் நிரப்பினேன்.
கல்லாவில் இருந்த பெண்ணிடம் பேனா கேட்டேன்.
பச்சைதான் இருந்தது.
என் முதல் வரி: பதினாறு புள்ளி நான்கு.

பக்கத்தில் காலியிடம்.
யாரும் எதுவும் எழுதப்போவதில்லை.
ஊருக்குள் வரும்வரை
அறுபத்தைந்தைத் தாண்டவில்லை.