தக்கை

ஆயிரத்து இருநூறு அடிக்குக் கீழிருந்து
தண்ணீரை மேலே இழுப்பது என் பிழைப்பு.
செவ்வாய்ப்பேட்டையில் போர் மோட்டார் கடை.
இரவுப் பணி முடிந்து, கழுத்தில்
ஆஸ்பத்திரி அட்டை ஆட, நேராக வந்த கிருபாவதி கேட்டார்:
"படகுக்குள்ளே தண்ணி விடணும். முடியுங்களா?"

வாசலில் நின்றது படகு.
பதின்மூன்றடி, ஃபைபர், ஒற்றைப் பாய்.
மூக்கில் அவரே எழுதிய பெயர்: தக்கை.
போன ஆடியில் ஏற்காட்டு ஏரியில்
பேர் சொன்னபடியே நடந்துகொண்டதாம்.
ஒரே காற்று.
செல்போன், ஒற்றைச் செருப்பு, அரைக்கிலோ பேரிக்காய்
எல்லாம் ஏரிக்கு.

ஈயக்கட்டி வைக்கலாமே என்றேன்.
"இருபது கொண்டை ஊசி வளைவு.
பூபாலனோட குட்டியானை ஏறணும்.
தண்ணிதான் மேலேயே இருக்குதே.
அங்கயே கடன் வாங்கி
அங்கயே கொடுத்துட்டு வந்துரலாம்."
நான் வாங்கிய எந்தக் கடனும்
அப்படித் தீர்ந்ததில்லை.

தளத்துக்கு அடியில் இடமும் வலமும்
எழுபது எழுபது லிட்டர்.
உள்ளே துளையிட்ட தடுப்புத் தகடுகள்.
'நிரப்பினால் முழுக்க. இல்லையேல் காலி.
பாதி ஆபத்து' என்று
கடைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போனார்.
படித்த பால்காரர்
எனக்கும் என் மனைவிக்கும் ஏதோ தகராறு என்று
இரண்டு நாள் மெதுவாகப் பேசினார்.

பால் வால்வு, வென்ட் குழாய்,
காலி செய்யப் பன்னிரண்டு வோல்ட் பம்ப்.
எல்லாம் சரி. அடியில் ஓட்டை போட வேண்டும்.
முப்பது வருஷம் ஒழுகலை அடைத்த கை.
டிரில்லைப் பிடித்தபடி ஒரு டீ ஆறும் நேரம் நின்றேன்.
எடிசன்தான், "தள்ளுங்கண்ணே" என்று அழுத்தினான்.
புருவமெல்லாம் வெள்ளைத் தூள்.
அன்றைக்கு எங்கள் தெருக் குழாயில்
தண்ணீர் வந்து பதினோரு நாள்.

திங்கட்கிழமை. ஒன்பதுக்குள் கரையேறிவிட வேண்டும் என்று அனுமதி.
மிதி படகுகள் சங்கிலியில் தூங்கின.
வால்வைத் திறந்தேன்.
குபுகுபுவென்று ஏறி
பாதியில் நின்றுவிட்டது.
இப்போது தக்கை முன்னைவிட மோசம்.
எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடி
இன்னும் சாய்க்கிற தண்ணீர்,
தேர்தல் முடிவன்று கட்சி மாறுகிறவர்கள் மாதிரி.
கிருபாவதி ஒன்றும் சொல்லவில்லை.
நாடி பார்ப்பதுபோல
வென்ட் குழாய் வாயில் விரல் வைத்தார்.
பெயின்ட் அடிக்கும்போது ஒட்டிய காகித டேப்.
பிரிக்கவே இல்லை.
ஒட்டியது நான்.

பிய்த்ததும் ஒரு பெருமூச்சு.
காற்று வெளியே போக வழி கேட்டிருக்கிறது,
அவ்வளவுதான்.

எட்டரைக்கு
சில்வர் ஓக் மரங்களைத் தள்ளிக்கொண்டு இறங்கியது காற்று.
பாய் அறைந்தது. தக்கை சாய்ந்தது. என் வயிறும்.
சாய்ந்தது, சாய்ந்தது,
பிறகு யோசித்தது.
நின்றது.

"தண்ணிக்குள்ள இருக்கிற தண்ணிக்குக் கனமே இல்லைங்க"
என்றார், கயிற்றை இழுத்தபடி.
"சாயறப்ப ஒரு பக்கத் தொட்டி மேல எழும்புதில்ல,
அப்பத்தான் அதுக்கு எடை வருது."

எட்டிப் பார்த்தேன்.
வெள்ளை அடிவயிறு ஒரு சாண் வெளியே.
அதற்குள் எழுபது லிட்டர்
கீழே போகப் பிடிவாதம் பிடித்துக்கொண்டிருந்தது.
போரிலிருந்து குழாய் உருவும்போதெல்லாம்
கப்பியில் கேட்டிருக்கிறேன் இந்தக் கனத்தை.
சாயாமல் பிடிக்க அது வரும் என்று
ஒரு நாளும் தோன்றியதில்லை.

வாங்கியதை ஏரிக்கே திருப்பிவிட்டோம்.
முழுக்க இல்லை போல.
இறக்கத்தில், ஏழாவது வளைவில்
பூபாலன் வண்டியை ஓரம் கட்டினான்.
பின்னால் ரோடு நெடுக ஈரக்கோடு.
ரேடியேட்டர் ஒழுகுதா என்று குனிந்து
விரலில் தொட்டு மோந்தான்.

"பாசி" என்றான்.